நான்கு மின்தடைகள்

நாங்கள் சார் என்றே அழைத்த எங்கள் பேராசிரியர் காலமாகி ஓராண்டு ஆகிறது. சிறப்பு மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று முன்னாள் மாணவர் சங்கத்தில் கேட்டதும், வேறு யாரைப் பற்றியும் எழுத எனக்குத் தோன்றவில்லை.

நம் துறையில் அன்று மவுசு சிப் வடிவமைப்புக்குத்தான். மிக மெல்லிய காந்தப் படலங்களோடு மல்லுக்கட்டிய சாரை, "அது பிசிக்ஸ்காரர்கள் வேலை" என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அடுத்தடுத்த படலங்களின் காந்தத் திசை மாறும்போது மின்தடையும் பெரிதாக மாறும்; இந்த ராட்சதக் காந்தமின்தடையை 1988இல் இயற்பியலாளர்கள் ஃபெர்ட்டின் குழுவும் குருன்பெர்க்கின் குழுவும் கண்டறிந்த பிறகு அவர் வேறு பக்கம் திரும்பவே இல்லை. எலக்ட்ரானின் மின்னூட்டத்தை வைத்தே காலத்தை ஓட்டுகிறோம், அதைக் குட்டிக் காந்தம்போல் நடக்கவைக்கும் ஸ்பின் சும்மா கிடக்கிறதே என்று ஆதங்கப்படுவார்.

இதைப் பற்றி அவர் நடத்திய விருப்பப் பாடத்தை எடுத்தவர்கள் யாரும் நான்கு மின்தடைப் படத்தை மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு காந்தப் படலங்கள். படலத்தின் திசைக்கு ஒத்த ஸ்பின் உள்ள எலக்ட்ரானுக்குத் தடை 1 ஓம், எதிர் ஸ்பின்னுக்கு 4 ஓம் என்று வைத்துக்கொள்ளச் சொல்வார். படலங்கள் ஒரே திசையில் இருந்தால் ஒரு ஸ்பின்னின் பாதையில் 2, மற்றதன் பாதையில் 8. இரு பாதைகளும் பக்க இணைப்பில் சேர்ந்தால் 1.6 ஓம். ஒரு படலத்தைத் திருப்பினால் இரு பாதையும் ஐந்தைந்து; மொத்தம் 2.5. எண்களை எழுதிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்து எங்கள் முகங்களைப் பார்ப்பார். 1997இல் ஹார்டு டிஸ்க்கின் படிக்கும் தலைக்குள் புகுந்ததும், 2007இல் அவ்விருவருக்கும் நோபல் வாங்கித் தந்ததும் இந்த விளைவுதான். ஒன்றாம் ஆண்டு சர்க்யூட் பாடத்தை வைத்தே அதைப் புரியவைத்தார்.

அப்புறம் ஆய்வகம். காந்தச் சுரங்கச் சந்தி என்பது இரண்டு காந்தப் படலங்களுக்கு இடையே எலக்ட்ரான்கள் ஊடுருவிக் கடக்கும் மெல்லிய மின்காப்பு அடுக்கு கொண்டது. அந்த அடுக்குக்கு ஒரு நானோமீட்டர் அளவுக்கு அலுமினியம் ஆக்சைடு வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் உலோகம் மிஞ்சும். கூடினால் அடியில் உள்ள கோபால்ட்டும் ஆக்சைடாகிவிடும். எங்காவது ஒரு நுண்துளை விழுந்தால் மின்சாரம் அந்த வழியே ஓடிவிடும். படலங்களைப் படியவைக்கும் அறையில் வெற்றிடம் சரியாக வரும்வரை பம்பை இரவெல்லாம் ஓட விடுவார். கெட்டுப்போன மாதிரிகளின் அளவீடுகளும் நோட்டில் ஏறியாக வேண்டும். நிதி கேட்டு அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்த வாரத்திலும் அந்த ஒழுங்கு மாறவில்லை.

அந்த வெற்றிட அறை ஒருவர் கைக்குப் பழக ஓராண்டு பிடிக்கும். பழகியதும் நாங்கள் ஒவ்வொருவராக விமானம் ஏறினோம். யாரையும் அவர் தடுத்ததில்லை. எனக்கும் பரிந்துரைக் கடிதத்தை மறுநாளே எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரமே ஒரு புது மாணவருக்கு வால்வைத் திறப்பதிலிருந்து சொல்லித்தரத் தொடங்கிவிட்டார்.

நான் வெளிநாட்டில் சிப் வடிவமைப்புக்குப் போனேன். நல்ல வேலைதான். அதற்குள் சார் மக்னீசியம் ஆக்சைடுச் சந்திகளுக்கும், ஸ்பின் முறுக்குவிசையால், அதாவது எலக்ட்ரான்களின் ஸ்பின்னைக் கொண்டே படலத்தின் காந்தத் திசையைத் திருப்பி, எழுதும் நினைவகத்துக்கும் நகர்ந்திருந்தார். அவருடைய கட்டுரைப் பட்டியலை இப்போதும் எடுத்துப் பார்ப்பேன். தொடக்க காலக் கட்டுரைகளில் மட்டும் என் பெயர் இருக்கிறது. அந்த நினைவக வேலையில் அவர் பக்கத்தில் நின்றிருக்க எனக்கு ரொம்ப ஆசை.