ஹம்மிங்பேர்ட் படத்தில் சிறகு கரைந்து போகிறதா?

வட அமெரிக்கத் தோட்டங்களுக்கு வரும் ரூபி-த்ரோட்டட் ஹம்மிங்பேர்ட் அந்தரத்தில் நிற்கும்போது நொடிக்குச் சுமார் 50 முறை சிறகடிக்கும். 1/1000 நொடி ஷட்டரில் தலை கூர்மையாக வரும், சிறகு வராது. நல்ல வெயிலில் 1/3200 நொடியை விட மெதுவாக ஷட்டரை வைக்காதீர்கள். அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும். அதனால் வரும் நாய்ஸை (படத்தில் தெரியும் புள்ளிகளை) பிறகு குறைக்கலாம், போன கூர்மை திரும்பாது.

நிழலில் ஃபிளாஷ்தான் வழி. அதன் பவரை முழு அளவில் 1/16 அல்லது 1/32 பங்குக்குக் குறைத்தால் மின்னல் ஏறக்குறைய 1/10,000 நொடியில் முடிந்துவிடும். சிறகை உறைய வைப்பது அதுதான், ஷட்டர் இல்லை. முதலில் ஃபிளாஷை அணைத்து ஒரு ஷாட் எடுங்கள், கறுப்பாக வரவேண்டும். வராவிட்டால் வெளி வெளிச்சமும் பதிந்து சிறகு இரட்டையாகத் தெரியும்.

ஃபீடரில் (பறவைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் கலத்தில்) ஒரே துளையை விட்டு மற்றவற்றை டேப்பால் மூடுங்கள். குடித்ததும் பறவை கொஞ்சம் பின்வாங்கி நிற்கும் பாருங்கள், ஃபோகஸ் அங்கே இருக்கட்டும். ஃபீடரும் படத்தில் விழாது.

ஆணின் தொண்டைச் சிவப்பு நிறமி அல்ல, இறகின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவது. சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருந்து, பறவையும் உங்களைப் பார்த்தால்தான் பளிச்சிடும்; கோணம் தப்பினால் வெறும் கறுப்பு.

சர்க்கரைத் தண்ணீர்: வெள்ளைச் சர்க்கரை 1 பங்கு, தண்ணீர் 4 பங்கு. தேனும் சாயமும் கூடவே கூடாது. வெயில் காலத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஃபீடரைக் கழுவி மாற்றுங்கள், கலங்கினால் உடனே.