கிரீன்விச்சில் ஒரு பகல்

ஜூன் 10, நடுக்கடல்

இன்றிரவும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தச் சொல்லிவிட்டார்கள். நியூயார்க்கை விட்ட பிறகு இது ஐந்தாவது முறை. தூக்கம் போகிறதே என்று பலருக்கும் அலுப்பு. எனக்கு இது பிடித்திருக்கிறது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. ஐந்து மணி நேரத்துக்கு 75 பாகை. கடலின் அகலத்தைக் கடிகாரத்தில் எண்ணிக்கொண்டு வருகிறோம்!

ஜூன் 12, டில்பரி துறைமுகம், இங்கிலாந்து

காலையில் பஸ்ஸில் லண்டனின் கிரீன்விச். 1869இல் கட்டிய தேயிலைக் கப்பல் கட்டி சார்க்கின் அடிவயிற்றுக்குக் கீழேயே நடக்க முடிகிறது. அழகுதான், ஆனால் மனம் குன்றின் மேலிருந்த வானாய்வகத்தில் இருந்தது.

தீர்க்கரேகை, அதாவது கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்பது, தெரியாமல் எத்தனை கப்பல்கள் மூழ்கின! 1707இல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பாலுள்ள சில்லி (Scilly) தீவுகளருகே, இருக்குமிடத்தைத் தவறாகக் கணித்த பிரிட்டிஷ் கடற்படை ஒரே இரவில் நான்கு கப்பல்களை இழந்தது. 1714இல், கடலில் தீர்க்கரேகை காண வழி சொல்பவருக்கு 20,000 பவுன் வரை பரிசு அறிவித்தார்கள். புறப்பட்ட ஊரின் நேரத்தைக் கடலில் சரியாகக் காட்டும் கடிகாரம் இருந்தால், கப்பலின் உள்ளூர் நேரத்தோடு ஒப்பிட்டு, மணிக்கு 15 பாகை என்று கணக்கிட்டுவிடலாம். விடை தேடி வானியலாளர்கள் நிலவை அளந்துகொண்டிருந்தபோது, ஜான் ஹாரிசன் என்ற தச்சர் கடலிலும் பிசகாத கடிகாரம் செய்யப் புறப்பட்டார்.

அவருடைய கடிகாரங்கள் முன்னால் வெகுநேரம் நின்றேன். முதல் கடிகாரத்தில் ஊசல்போல் ஆடும் இரு தண்டுகளும் எதிரும் புதிருமாக இன்றும் ஆடுகின்றன. மூன்றாவதற்கு மட்டும் 19 ஆண்டுகள் உழைத்திருக்கிறார். பிறகு அந்த வழியையே விட்டுவிட்டு, உள்ளங்கையை நிறைக்கும் அளவில் நான்காவதைச் செய்தார். வென்றது அதுதான். தேய்ந்துவிடக் கூடாது என்று அதை ஓடவிடாமல் வைத்திருக்கிறார்கள். அந்த மௌனத்தின் முன் கண் கலங்கிவிட்டது.

முற்றத்தில் பூஜ்ஜியக் கோட்டின், அதாவது தீர்க்கரேகைகளை எண்ணத் தொடங்கும் கோட்டின், இருபுறமும் காலூன்றிப் படமெடுக்க நீண்ட வரிசை. செயற்கைக்கோள் காட்டும் பூஜ்ஜியம் அங்கிருந்து 102 மீட்டர் கிழக்கே, பூங்காவில் இருக்கிறது. நான் அங்கே போய் நின்றேன், யாருமே இல்லை.

12.55க்குக் கூரைமேல் சிவப்புப் பந்து பாதிக் கம்பம் ஏறியது; 12.58க்கு உச்சி. சரியாக ஒரு மணிக்கு விழுந்தது. 1833 முதல் தேம்ஸ் நதியில் நின்ற கப்பல்கள் இதைப் பார்த்துத்தான் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டன. என் கைக்கடிகாரம் 14 விநாடி பிந்தியிருந்தது. அங்கேயே நின்று திருத்தினேன்.

ஜூன் 13, வடகடல்

ஆம்ஸ்டர்டாம் நெருங்குகிறது. மறுபடியும் ஒரு மணி நேரம் முன்னே. மணி முள்ளை மட்டும் நகர்த்தினேன். விநாடி முள்ளைத் தொடவில்லை.