பிளைமவுத் ஃப்ளாட்ஹெட் சிக்ஸ்: முதலில் தண்ணீர், அப்புறம் குதிரைச்சக்தி

என்னிடம் இருப்பது 1950 பிளைமவுத் ஸ்பெஷல் டீலக்ஸ். டெட்ராய்ட் கம்பெனி வண்டி. இப்போதும் டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில்தான், என் கராஜில் நிற்கிறது. இன்ஜின் ஆறு சிலிண்டர், 217.8 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 3.6 லிட்டர். இவ்வளவு பெரிய இன்ஜினுக்குக் கம்பெனி சொன்ன பவர் 97 குதிரைச்சக்தி. இன்றைக்கு ஒரு சின்னக் காரின் 1.5 லிட்டர் இன்ஜினே அதைத் தாண்டிவிடும். ஆனாலும் டாப் கியரிலேயே மேட்டில் முனகாமல் ஏறும் அந்த இழுவைக்காகத்தான் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

ஹெட்டைக் கழற்றி பெஞ்சில் வைத்த அன்று ஆபீஸ் தம்பி ஒருவன் வந்திருந்தான், கரூர்க்காரன். புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இதுல வால்வையே காணோமே, யாராச்சும் உருவிட்டாங்களா?” என்றான். ஹெட் என்பது இதில் வெறும் மூடிதான். உள்ளே எரியறைக்கான குழிகளும் தண்ணீர் ஓடும் வழியும், பிளக் மாட்டும் ஓட்டைகளும் மட்டுமே உண்டு. வால்வ் எல்லாம் கீழே பிளாக்கில், பிஸ்டனுக்குப் பக்கத்தில் தலைநிமிர்ந்து நிற்கும். சைட் வால்வ், இங்கே ஃப்ளாட்ஹெட் என்பார்கள் என்று சொன்னதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பூட்டி விற்ற டாட்ஜ், பிளைமவுத் கார்களும் பார்கோ லாரிகளும் இதே கிரைஸ்லர் குடும்பத்து வண்டிகள்தான். அவன் தாத்தா பார்கோ ஓட்டியவராம்.

சைட் வால்வின் கோளாறும் அந்த அமைப்பிலேயே இருக்கிறது. எரிந்த புகை வெளியே போக, பிளாக்குக்கு உள்ளேயே வளைந்து, தண்ணீர் அறையை ஒட்டி ஓடவேண்டும். அதனால் வால்வ் ஹெட்டிலேயே இருக்கும் ஓ.எச்.வி. இன்ஜினைவிடத் தண்ணீருக்குள் போகும் சூடு அதிகம். எக்ஸாஸ்ட் வால்வ் உட்காரும் இடம்தான் மிக மோசம். இதைச் சமாளிக்க கிரைஸ்லர் ஆட்கள் பிளாக்குக்குள் நெடுக ஒரு தகட்டுக் குழாயைச் செருகினார்கள். வாட்டர் பம்ப் தள்ளும் தண்ணீர் அந்தக் குழாய்க்குள் போய், அதிலுள்ள துளைகள் வழியாக ஒவ்வொரு எக்ஸாஸ்ட் வால்வுக்கும் நேராகப் பீய்ச்சும். அருமையான யோசனை. ஒரே சிக்கல், எழுபது வருஷத்தில் தகடு துருப்பிடித்துக் கரைந்து போகும். அப்புறம் தண்ணீர் முன்பக்கத்திலேயே சுற்றிவிட்டு ரேடியேட்டருக்குத் திரும்பிவிடும். ஐந்தாவது, ஆறாவது சிலிண்டர் பாடு திண்டாட்டம்.

என் வண்டியில் அதுதான் நடந்திருந்தது. மீட்டரில் முள் ஒழுங்காக நின்றது. சந்தேகத்தில் அகச்சிவப்பு வெப்பமானியை எடுத்துக்கொண்டு ஹெட் நெடுகக் காட்டினேன். முன்னாலும் பின்னாலும் 40 டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசம். இந்த நிலையில் டபுள் கார்புரேட்டர் மாட்டினால் கடைசி வால்வைச் சீக்கிரம் கருக்குவதுதான் நடக்கும். இந்த இன்ஜின் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் கண்ணுக்கு அழகான அலுமினியச் சாமான்களை முதலில் வாங்குகிறார்கள். எனக்கு அது தலைகீழ் வேலையாகத்தான் படுகிறது.

குழாயை எடுக்க ரேடியேட்டரைக் கழற்றி, வாட்டர் பம்பைக் கழற்றி, முன்னால் தெரியும் வாயில் கொக்கி மாட்டி இழுக்கவேண்டும். முழுதாக வந்தால் அதிர்ஷ்டம். எனக்கு முதலில் கையளவு துண்டு வந்தது. மிச்சத்துக்கு நீளக் கம்பியின் நுனியை வளைத்து, உள்ளே விட்டு, திருப்பி, சுரண்டி, தகட்டைத் துணுக்குத் துணுக்காக வெளியே இழுத்தேன். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வட்ட மூடிகளையும் தட்டி எடுத்துவிட்டேன். அதற்குப் பின்னால் ஈரச் செம்மண் மாதிரி துருச் சேறு. வாரிப் போட்டதில் பழைய பெயின்ட் டப்பா ஒன்று நிரம்பியது. பின் மூலையில் விரலை விட்டால் வார்ப்பு இரும்பே தட்டுப்படவில்லை, சேறுதான் இறுகிக் கிடந்தது. ஹோஸ் தண்ணீர் தெளிவாக வரும்வரை அடித்து, புதிய பித்தளைக் குழாயை, துளைகள் வால்வ் பக்கம் பார்க்கும்படி செருகினேன். அதன் பிறகு முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் 10 டிகிரிகூட இல்லை. இதற்கு ஆன செலவு ஒரு கார்புரேட்டர் ரிப்பேர் கிட் விலைதான்.

வால்வ் இடைவெளி வைப்பது தனிக் கலை. இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது இன்டேக்குக்கு 8 தவ், எக்ஸாஸ்ட்டுக்கு 10 தவ் (ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வலது முன்சக்கரத்தைக் கழற்றி, உள் மட்கார்டில் உள்ள தகட்டை எடுத்தால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குக் கீழே இரண்டு மூடிகள் தெரியும். அதற்குள்ளேதான் வால்வைத் தள்ளும் டேப்பட். மெல்லிய ஸ்பேனர்கள் வேண்டும், முழங்கையில் சூடு போட்டுக்கொள்ளத் தயாராகவும் இருக்கவேண்டும். சந்தேகம் வந்தால் எக்ஸாஸ்ட்டை இறுக்கமாக வைக்காமல் ஒரு தவ் தளர்வாகவே வைப்பது என் பழக்கம். டிக்டிக் சத்தம் கேட்டால் கேட்கட்டும், வால்வ் எரியாது.

சரி, இனி பவர். இந்த இன்ஜினில் ஹெட்டை மழிப்பதுதான், அதாவது அதன் அடிப்பரப்பைச் சீவுவதுதான், மலிவான வழி. அந்தக் காலப் பெட்ரோலின் ஆக்டேன் குறைவு என்பதால் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் வாயு நசுங்கும் விகிதத்தை, 7:1-இல் நிறுத்திவிட்டார்கள். ஒரு சிலிண்டர் 595 சி.சி. விகிதம் 7 என்றால் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சும் இடம் 99 சி.சி. குழியின் வாய் பிஸ்டன், வால்வ் இரண்டின் மேலும் பரந்திருப்பதால் கொஞ்சம் மழித்தாலும் கொள்ளளவு நன்றாகக் குறையும். 50 தவ், அதாவது 1.27 மி.மீ., எடுக்கச் சொன்னேன். குழியை அசிட்டேட் தகட்டால் மூடி, ப்யூரெட்டில் ஊற்றி அளந்ததில் சிலிண்டருக்குப் பத்து சி.சி. போல குறைந்திருந்தது. விகிதம் 7.6-க்கு மேல். சாதாரண 87 ஆக்டேன் பெட்ரோலே போதும், நாக்கிங் என்னும் தட்டும் சத்தம் இல்லை.

மழிப்பதில் பேராசை கூடாது. வால்வ் மேலெழும்பும்போது ஹெட்டில் இடிக்காமல் இருக்கவேண்டும். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை வால்வ் தலைமேல் அப்பி, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை உட்காரவைத்து, இன்ஜினைக் கையால் சுற்றி, திரும்பக் கழற்றி, நசுங்கிய களிமண்ணை வெட்டி அளந்தேன். இடம் தாராளமாகவே இருந்தது. ஆனால் வால்விலிருந்து சிலிண்டருக்குக் காற்று தாண்டிப்போகும் வழியும் மழிக்க மழிக்க ஒடுங்கும். ஒருபக்கம் கம்ப்ரஷன் ஏற, மறுபக்கம் மூச்சு முட்டும். அதனால் இதற்கு மேல் எடுக்க எனக்கு மனமில்லை. ஹெட் போல்ட்கள் தண்ணீர் அறைக்குள் இறங்குவதால் மரையில் சீலர் பூசாமல் முறுக்கவே கூடாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு, படிப்படியாக 70 அடி-பவுண்டு. ஓட்டிச் சூடாக்கியபின் இன்னொரு முறை.

அடுத்தது எக்ஸாஸ்ட். செலவழித்த காசுக்கு மனசு நிறைந்தது இதில்தான். ஃபென்டன் கம்பெனியின் வார்ப்பு ஹெடர் (புகையைச் சேர்த்து வெளியே விடும் குழாய்) ஒரு ஜோடி பழைய சாமான் சந்தையில் கிடைத்தது. முன் மூன்று சிலிண்டருக்கு ஒன்று, பின் மூன்றுக்கு ஒன்று, தனித்தனிக் குழாய், தனித்தனி சைலன்சர். இந்த இன்ஜின் வெடிக்கும் வரிசை 1-5-3-6-2-4. கவனித்துப் பாருங்கள்: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, மறுபடி முன்னால் என்று மாறி மாறி வருகிறது. ஆகவே ஒவ்வொரு குழாய்க்கும் புகை ஒரே சீரான இடைவெளியில், கிராங்க் 240 டிகிரி சுற்றுவதற்கு ஒன்றாக வந்து சேரும். ஒன்றின் புகை அடுத்ததை மறிப்பதில்லை. சத்தமும் அதனால்தான் அப்படி. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இரண்டு குழாயும் மாறி மாறி உறுமும். வி-8 சத்தம் போலவும் இல்லை, நான்கு சிலிண்டர் போலவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டைத் திறந்து வந்து நின்று கேட்டுவிட்டுப் போனார்.

மேனிஃபோல்டு நட்டுகளை ஒரேயடியாக இறுக்கவேண்டாம். வார்ப்பு இரும்பு சூட்டில் நீளும். ஓரத்து நட்டுகளில் அது நழுவ இடம் இருக்கவேண்டும். இறுக்கிக் கட்டினால் விரிசல் நிச்சயம்.

கடைசியாக டபுள் கார்புரேட்டர். ஆஃபென்ஹவுசர் கம்பெனியின் இன்டேக் மேனிஃபோல்டில் இரண்டு கார்ட்டர் ஒற்றை பேரல் கார்புரேட்டர். பவர் கூடியதா என்றால், கூடியது, ஆனால் எதிர்பார்த்த அளவு இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் தெரிந்தது. இந்த பிளாக்கில் இரண்டிரண்டு சிலிண்டர் ஒரு இன்டேக் வழியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நடுவில் ஒரே கார்புரேட்டர் இருந்தபோது ஓரத்துச் சிலிண்டர்கள் பெட்ரோல் பற்றாமல் கிடந்தன, பிளக் வெளுத்திருந்தது. இப்போது ஆறு பிளக்கும் ஒரே காபிப்பொடி நிறம். பெட்ரோல் வரும் ஜெட் துளையை மட்டும் சிறிதாக்க வேண்டியிருந்தது. இரண்டையும் சமன்செய்ய எந்தக் கருவியும் தேவையில்லை. ஒரு ரப்பர் ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்புரேட்டர் வாயில் வைத்தால் உஸ்ஸென்று கேட்கும். அடுத்ததிலும் அதே சுருதியில் கேட்கும்வரை ஸ்குரூவைத் திருப்பவேண்டும். முடித்தபோது வேக்குவம் மீட்டர் முள் 19 அங்குலத்தில் ஆடாமல் நின்றது.

சைட் வால்வ் சிக்ஸில் இரட்டைக் கார்புரேட்டர் என்றால் ஹட்சன் ஹார்னெட் காரைச் சொல்லாமல் விட முடியாது. 308 கன அங்குலம், ‘ட்வின் எச்-பவர்’. 1952-இல் நாஸ்கார் என்னும் அமெரிக்கக் கார்ப் பந்தயத் தொடரின் பெரிய பந்தயங்கள் 34-இல் 27-ஐ ஹட்சன் வென்றது, வி-8 கார்கள் சுற்றி ஓடிய களத்தில். என் பிளைமவுத் அந்தச் சாதியில்லை. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 111 மி.மீ.; 3600 சுற்றிலேயே பிஸ்டன் நிமிஷத்துக்கு 2600 அடிக்கு மேல் ஓடிவிடும். அதற்கு மேல் விரட்டுவது ராடுக்கு நல்லதில்லை.

ஆகஸ்டில் வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் என்னும் பழைய கார்களின் ஊர்வலத்துக்குக் கொண்டுபோனேன். வெயிலில், ஆமை வேகத்தில், நின்று நின்று ஊர்ந்தபோதும் முள் 180 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டவில்லை. பக்கத்து லேனில் ஒரு பளபளக்கும் வி-8 பானெட்டைத் திறந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சிரிக்கவில்லை, கொஞ்சம் சிரித்தேன்.

குறை இல்லாமல் இல்லை. ஃபென்டன் ஹெடர் இன்டேக்கைத் தொடுவதில்லை, அதனால் பழைய மேனிஃபோல்டு கொடுத்த சூடு போய்விட்டது. மிச்சிகன் அக்டோபர் காலையில் கார்புரேட்டருக்கு வெளியே பனி பூக்கிறது, பத்து நிமிஷம் வண்டி இருமுகிறது. இன்டேக்குக்கு அடியில் ஒரு தகட்டுப் பெட்டி வைத்து, ஹீட்டர் தண்ணீரை அதில் சுற்றவிட வரைபடம் போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் கையில் இருக்கிறது: டாட்ஜ் 230 இன்ஜினின் கிராங்க். அதே போர் (சிலிண்டர் விட்டம்), ஸ்ட்ரோக் மட்டும் கால் அங்குலம் அதிகம். என் பிளாக்கிலேயே உட்காரும். ஆனால் ராடும் 230-உடையதாக இருக்கவேண்டும், 218 ராட் நீளம் ஒத்துவராது. ஃபிளைவீல் முகத்தையும் பார்த்துத்தான் வாங்கினேன், ஃப்ளூயிட் டிரைவ் (எண்ணெய் வழியாகச் சக்தி கடத்தும் அமைப்பு) வண்டிகளின் கிராங்க்கில் எட்டு போல்ட், நமக்கு வேண்டியது நாலு. ஜர்னல் (பேரிங்கில் சுழலும் பகுதி) அளவுகள் நன்றாக இருக்கின்றன. கணக்குதான் இடிக்கிறது: மழித்த இந்த ஹெட்டை அதன்மேல் வைத்தால் விகிதம் 8-ஐத் தொட்டுவிடும். அப்போது பிளக் பொறி விடும் டைமிங்கைப் பின்னுக்கு வைப்பதா, 93 ஆக்டேன் போடுவதா, அல்லது மழிக்காத ஹெட் ஒன்று தேடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. கரூர்த் தம்பி மூன்றாவதுக்கு ஓட்டு போட்டிருக்கிறான், ஹெட் தூக்க அவனைத்தான் கூப்பிடுவேன் என்று தெரிந்தும்.