டெர்மினலில் ஓடிய ஸ்கிரிப்ட் சேவையில் ஏன் நின்றது? ஓர் இறுதியாண்டு புராஜெக்ட் அனுபவம்

எம்.சி.ஏ. இறுதிப் பருவத்தில் நாங்கள் மூவர் சேர்ந்து எடுத்த புராஜெக்ட் இது. காட்சித் தொடர்பியல் துறை மாணவர்கள் பிளெண்டர் என்ற முப்பரிமாண அசைவூட்ட மென்பொருளில் செய்த தங்கள் கோப்புகளை மாலையில் அனுப்பிவிட்டுப் போவார்கள். ஆய்வக மூலையில் இருக்கும் லினக்ஸ் சர்வர் இரவு முழுக்க அவற்றை ரெண்டர் செய்து, அதாவது காட்சிகளைப் படங்களாக வரைந்து, காலையில் படங்களைத் தயாராக வைத்திருக்கும். இதை நடத்தும் பைத்தான் ஸ்கிரிப்ட் எழுத இரண்டு வாரம் பிடித்தது. அதைப் பின்னணிச் சேவையாக, அதாவது யாரும் டெர்மினலில் உட்காராமல் சர்வர் தானே ஓட்டும் நிரலாக ஓடவைக்க ஐந்து வாரம் பிடித்தது. அந்த ஐந்தில் மூன்று வாரமாவது உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இப்படிப்பட்ட தலைப்பை எடுக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "அண்ணா, டெர்மினலில் ஓட்டினால் ஓடுகிறது. சேவையாகப் போட்டால் ஓடவில்லை. ஏன்?"

ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் இதற்குள் இரண்டு இருக்கின்றன. பிளெண்டர் தன் திரையை இழப்பது ஒன்று. ஸ்கிரிப்டை ஓட்டும் ஆள் மாறுவது இன்னொன்று. நாங்கள் இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டு, வந்த பிழை எதனால் வந்தது என்று தெரியாமல் தேடினோம். அதுதான் எங்களுக்கு நேர்ந்த பெரிய தவறு.

ஆகவே படிப்படியாக இறங்குங்கள். முதலில் பிளெண்டரைத் திறந்து அதற்குள்ளேயே ஸ்கிரிப்டை ஓட்டிப் பாருங்கள். அடுத்து, உங்கள் பெயரிலேயே, டெர்மினலில், திரையில்லாத பின்னணி முறையில் ஓட்டுங்கள். மூன்றாவதாக, சேவைக்கென்று உருவாக்கிய பயனராக மாறி அதே கட்டளையைக் கொடுங்கள். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியிடம் ஒப்படைப்பது கடைசிப் படி. எந்தப் படியில் உடைகிறதோ அந்தப் படியில் புதிதாக மாறியது எது என்று மட்டும் பார்த்தால் போதும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்றைச் சரிசெய்தாக வேண்டும். முதல் இரவு வேலையைக் கொடுத்துவிட்டு, காலையில் வந்து சேவையின் நிலையைக் கேட்டோம். வெளியேற்ற எண் (நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் எண்) 0, வெற்றி என்று காட்டியது. படம் ஒன்றுகூட இல்லை. பைத்தான் ஸ்கிரிப்ட் நடுவில் பிழையோடு நின்றாலும், பிளெண்டர் அந்தப் பிழையை அச்சிட்டுவிட்டுத் தன் போக்கில் 0 என்றே முடிக்கும். சிஸ்டம்டிக்குத் தெரிவது அந்த எண் மட்டும்தான். 'பைத்தான் எக்ஸிட் கோட்' என்ற தெரிவுக்கு 1 என்று மதிப்புக் கொடுத்தால், பிழை வந்ததும் பிளெண்டர் அந்த எண்ணோடு வெளியேறும். அதை ஸ்கிரிப்டின் பெயருக்கு முன்னால் கொடுக்க வேண்டும். பிளெண்டர் கட்டளை வரியை இடமிருந்து வலமாக நிறைவேற்றிக்கொண்டே போகும். சட்டகத்தை (அசைவூட்டத்தின் ஒரு படத்தை) ரெண்டர் செய் என்று முதலில் சொல்லி, எங்கே சேமிப்பது என்பதைப் பிறகு சொன்னால், சேமிக்கும் இடம் தெரியும் முன்பே ரெண்டர் முடிந்துவிடும். எங்கள் அணியில் ஒருவர் இந்த வரிசைச் சிக்கலுக்காக ஒரு முழு நாளைக் கொடுத்தார்.

பிழையைப் பேசவைப்பதில் இன்னொரு தடையும் உண்டு. வெளியீடு திரைக்குப் போகாதபோது, பைத்தான் அச்சிடும் வரிகளை உடனுக்குடன் வெளியே விடாமல் சேர்த்து வைத்துக்கொள்ளும். இடையில் செயலி கொல்லப்பட்டால் அந்த வரிகள் பதிவுக்கு வரவே வராது. ஒவ்வொரு பிரிண்ட் வரியிலும் 'ஃபிளஷ்' என்பதை 'ட்ரூ' (உண்மை) என்று வையுங்கள். அதன் பிறகு, சேவைகளின் பதிவைப் படிக்க உதவும் ஜர்னல்சிடிஎல் கட்டளை காட்டுவதை நம்பலாம்.

இரண்டாம் படியில் உடைவது பெரும்பாலும் பிளெண்டரின் 'ஆப்ஸ்' வகைக் கட்டளைகளால்தான். பயனர் எந்தப் பகுதியில் இருக்கிறார், எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதையெல்லாம் பார்த்தே அவற்றில் பல இயங்கும். பின்னணி முறையில் அந்தப் பகுதிகளே இல்லை. 'கான்டெக்ஸ்ட் இஸ் இன்கரெக்ட்' என்று முடியும் பிழை வந்தால் சர்வரைத் தொடாதீர்கள், ஸ்கிரிப்டைத் திருத்துங்கள். பொருளை நகர்த்தும் கட்டளையை அழைப்பதற்குப் பதிலாக, அந்தப் பொருளின் இருப்பிட மதிப்பை நேரடியாக மாற்றி எழுதுங்கள். எங்கள் ஸ்கிரிப்டில் இப்படிப் பதினான்கு இடங்கள் இருந்தன.

மூன்றாம் படி எங்களை அதிகம் அலைக்கழித்தது, ஏனென்றால் அங்கே பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. வேலை முடிந்தது, படங்களும் சரியாக வந்தன. ஆனால் என் பெயரில் ஓட்டினால் 40 விநாடியில் முடிந்த சட்டகம், சேவைப் பயனரின் பெயரில் 11 நிமிடம் எடுத்தது. இரண்டு நாள் வலையமைப்பைச் சந்தேகப்பட்டோம். பிறகுதான் பிடிபட்டது: பிளெண்டரின் ரெண்டர் இயந்திரமான சைக்கிள்ஸ் எந்தக் கிராஃபிக்ஸ் கார்டைப் பயன்படுத்த வேண்டும் என்ற அமைப்பு, கோப்பில் இல்லை; பயனரின் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் பிளெண்டர் விருப்பங்களில் இருக்கிறது. புதிய பயனருக்கு அந்த விருப்பங்களே கிடையாது. அதனால் பிளெண்டர் எதுவும் சொல்லாமல் சிபியூவுக்குப் போய்விட்டது. நீங்கள் இயக்கிவைத்த ஆட்-ஆன்களுக்கும் (கூடுதல் செருகுநிரல்களுக்கும்) இதே கதிதான். எந்தக் கார்டு, எந்த ஆட்-ஆன் என்பதை ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். யாருடைய விருப்பங்களையும் நம்பி இருக்காதீர்கள். ஈவீ என்ற இன்னொரு ரெண்டர் இயந்திரம் கொண்டு செய்த கோப்புகள் வேறு விதமாக நின்றன: எங்களிடம் இருந்த பதிப்பில், திரை இணைப்பு இல்லாத இடத்தில் ஈவீ ஓடவே மறுத்தது. எக்ஸ்விஎஃப்பி என்ற மெய்நிகர் திரையைக் கொடுத்துச் சமாளித்தோம்.

இந்தப் படியைச் சோதிக்கும்போது, வேறொரு பயனராக ஓட்ட உதவும் சூடோ கட்டளையில் பயனர் பெயரோடு பெரிய எழுத்து 'ஹெச்' தெரிவையும் சேருங்கள். இல்லாவிட்டால் சில அமைப்புகளில் உங்கள் ஹோம் முகவரியே கூட வந்து, சோதனை பொய்யாகத் தேறிவிடும்.

நான்காம் படியில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பதிவில் 'சேவ்டு' என்று ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒரு வரி, தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் ஃபோல்டரின் முழு முகவரியோடு. அந்த ஃபோல்டரைத் திறந்தால் காலி. மறுபடி ஓட்டினோம். மறுபடி 'சேவ்டு', மறுபடி காலி. வழிகாட்டிப் பேராசிரியர் பின்னால் வந்து நின்று, "வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே ரூட் பயனராக அந்த ஃபோல்டரைப் பாருங்கள்" என்றார். எல்லா அனுமதியும் உள்ள பயனர்தான் ரூட். பார்த்தோம். 'சிஸ்டம்டி பிரைவேட்' என்று தொடங்கும் நீண்ட பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் இன்னொரு டெம்ப், அதற்குள் எங்கள் படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. வேலை முடிந்து சேவை நின்றதும் அந்த ஃபோல்டர் மொத்தமாக மறைந்தது. வேறொரு சேவையின் யூனிட் கோப்பிலிருந்து (சேவையை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் கோப்பு) நாங்கள் படியெடுத்த வரிகளில் 'பிரைவேட் டெம்ப்' என்பதும் இருந்தது. சேவைக்கென்று தனி டெம்ப் கொடுத்து, நின்றதும் அழித்துவிடுவதுதான் அதன் வேலை. அதே கோப்பில் 'புரொடெக்ட் ஹோம்' என்ற வரியும் இருந்தது. அது ஹோம் ஃபோல்டர்களையே சேவையின் கண்ணிலிருந்து மறைத்துவிடும். பாதுகாப்புக்கு இரண்டும் நல்லவை. படங்களை வேறிடத்தில், சேவைப் பயனருக்குச் சொந்தமான ஃபோல்டரில் வைத்தோம். வரிகளை அப்படியே விட்டோம். படியெடுக்கும் ஒவ்வொரு வரிக்கும் பொருள் தெரிந்துகொண்ட பிறகே சேருங்கள், வாய்மொழித் தேர்விலும் அதைத்தான் கேட்பார்கள்.

மற்றவை சிறியவை. வேலை ஃபோல்டர் எது என்று குறிப்பிடாவிட்டால் சேவை கோப்பு மரத்தின் வேரில் நின்று ஓடும், ஸ்கிரிப்டில் உள்ள சுருக்கமான முகவரிகள் எல்லாம் தவறும். சேவை 203 என்ற எண்ணோடு முடிந்தால் கட்டளையைத் தொடங்கவே முடியவில்லை, முகவரியையும் இயக்கும் அனுமதியையும் பாருங்கள். 217 என்றால் பயனரில் கோளாறு. 200 என்றால் வேலை ஃபோல்டருக்குள் நுழைய முடியவில்லை. மறுதொடக்கம் 'மிக விரைவாக' நடந்ததால் நிறுத்திவிட்டேன் என்று சிஸ்டம்டி சொன்னால், அது நோயல்ல. 10 விநாடிக்குள் 5 முறை தொடங்கிப் பார்த்துவிட்டுக் கைவிட்டிருக்கிறது. பதிவில் மேலே போய் முதல் முறை ஏன் விழுந்தது என்று படியுங்கள்.

தேர்வைப் பற்றி. நாங்கள் ஒரு நோட்டில் ஒவ்வொரு கோளாறையும் நான்கு வரியில் எழுதிவந்தோம்: கண்டது, சந்தேகப்பட்டது, சோதித்தது, காரணம். தவறான சந்தேகங்களை அடிக்காமல் அப்படியே விட்டோம். புறத் தேர்வாளர் அறிக்கையை இரண்டு நிமிடம் புரட்டினார்; நோட்டை இருபது நிமிடம் படித்தார். அவர் கேட்டவற்றில் பாதி அதிலிருந்தே வந்தன. பிழை வந்தும் எண் ஏன் 0, ரூட் பயனராக ஓட்டினால் எளிதாக இருக்குமே, ஏன் ஓட்டவில்லை என்பவை அவற்றில் சில. இரண்டாவதற்கு என் தோழி சொன்ன பதில் எனக்கு இன்றும் பிடிக்கும்: "சார், பிளெண்டர் கோப்புக்குள்ளேயே பைத்தான் ஸ்கிரிப்ட் வைக்க முடியும். யாரோ அனுப்பும் கோப்பை ரூட் பயனராகத் திறக்கக் கூடாது."

கடைசியாகத் தேர்வாளர், "நடுவில் கரண்ட் போனால்?" என்றார். முடிந்த சட்டகங்களை விட்டுவிட்டு மீதியைத் தொடரும் என்றேன். "பாதி எழுதிய படமும் கோப்பாகத்தானே இருக்கும்? அதையும் முடிந்தது என்று எண்ணிவிடாதா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை, யோசிக்கவில்லை என்று நேராகச் சொன்னேன். அன்று மாலையே உட்கார்ந்து மாற்றினோம்: ஒவ்வொரு சட்டகமும் தற்காலிகப் பெயரில் எழுதப்படும், முழுதாக எழுதி முடித்த பிறகே உண்மைப் பெயருக்கு மாறும். பிறகு, ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது சர்வரின் மின்செருகியை நானே பிடுங்கிப் பார்த்தேன். மீண்டும் எழுந்ததும், பாதியில் நின்ற 38-ஆம் சட்டகத்தை முதலிலிருந்து வரைந்தது.