பாலைவனத்தில் டிஸ்க் கோல்ஃப்: நட்சத்திரத்தை நம்பிப் போனோம்

போன மே மாத முதல் வாரம் லாஸ் வேகஸில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, அரிசோனா முழுக்க ஒரு வாரம் சுற்றினோம், நானும் நண்பனும். வீட்டில் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம், உண்மையில் போனது டிஸ்க் கோல்ஃப் ஆட. தெரியாதவர்களுக்காக ஒரு வரி: கோல்ஃப் மாதிரியேதான், பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை, எத்தனை எறியில் கூடையில் போடுகிறோம் என்பதுதான் கணக்கு. பெரும்பாலான களங்கள் ஊர்ப் பொதுப் பூங்காக்களில் இருக்கின்றன, காசு கிடையாது. நாலு தட்டு கைப்பையில் போட்டுக்கொண்டால் போதும்.

எந்த ஊருக்குப் போனாலும் என் வழக்கம் ஒன்றுதான். டிஸ்க் கோல்ஃப் களங்களைக் காட்டும் யூடிஸ்க் ஆப்பைத் திறப்பேன், பக்கத்தில் நட்சத்திரம் அதிகம் வாங்கிய களத்தை அமுக்குவேன், வண்டியை எடுப்பேன். டெக்சாஸில் இத்தனை வருடமாக அப்படித்தான் ஓடுகிறது. பாலைவனத்தில் அது எடுபடவில்லை. ஜனவரியில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஆடியவர் கொடுத்த ஐந்து நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு மே மாதத்தில் நான் என்ன செய்ய?

அந்தப் பாடம் டூசான் பக்கம் ஒரு களத்தில் கிடைத்தது. பெயர் வேண்டாம், களத்தின் மேல் தப்பே இல்லை, பத்தரை மணிக்குப் போய் நின்ற எங்கள் மேல்தான். புல் என்ற பேச்சே இல்லாத நிஜப் பாலைவனம். சரளைக்கல், மணல், ஆள் உயரத்துக்கு மூன்று நான்கு மடங்கு நிற்கும் சவாரோ கள்ளி, நடுநடுவே சோயா. சோயா என்றதும் மீல் மேக்கர் ஞாபகம் வரும், இது வேறு, கள்ளியில் ஒரு வகை, ஸ்பானிஷ் பெயர். தூரத்தில் இருந்து பார்த்தால் வெயிலில் பஞ்சு மாதிரி மினுக்கும். அந்தப் பஞ்சு முழுக்க முள், ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் கண்ணுக்குத் தெரியாத கொக்கி. லேசாக உரசினாலே ஒரு துண்டு கழன்று நம்மோடு வந்துவிடும், அதனால்தான் அங்கே 'குதிக்கிற சோயா' என்கிறார்கள்.

இரண்டாவது கூடைக்கு எறிந்த தட்டு நேராகப் போய் ஒரு சோயாவின் மடியில் உட்கார்ந்தது. நண்பன் கையை நீட்டினான்.

"டேய், தொடாத மச்சான்."

தொட்டுவிட்டான். எலுமிச்சை அளவு உருண்டை ஒன்று அவன் உள்ளங்கையோரம் ஒட்டிக்கொண்டது. இன்னொரு கையால் பிடுங்கப் போனவனைத் தடுத்து நிறுத்தியதுதான் அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், ஏனென்றால் பிடுங்கினால் அந்தக் கையிலும் ஏறிக்கொள்ளும். சீப்பை உருண்டைக்கும் தோலுக்கும் நடுவே விட்டு, உடம்பை விட்டு எதிர்ப்பக்கமாகச் சுண்ட வேண்டும். என் பையில் கிடந்தது மனைவியின் பிளாஸ்டிக் சீப்பு. சுண்டினேன். உருண்டை பறந்துபோய் என் ஷூவில் குத்தி நின்றது. மிச்சமிருந்த ஏழெட்டு முள்ளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க அரை மணி நேரம் ஆனது. ராமநாதபுரத்துக்காரன் நான், சீமைக் கருவேல முள் குத்தாமல் வளர்ந்த கால் இல்லை இது. அந்த மரத்தின் பங்காளிதான் அரிசோனாவில் தெருவுக்குத் தெரு நிற்கும் மெஸ்கீட், பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. ஆனால் கருவேலமுள் குத்தினால் பிடுங்கி எறிந்துவிட்டு நடக்கலாம். இது அந்த ஜாதி இல்லை.

ஏழாவது கூடையில் தண்ணீர் தீர்ந்தது. ஆளுக்கு ஒரு லிட்டர் போதும் என்று நினைத்திருந்தோம். பதினெட்டுக் கூடையில் ஏழோடு மூட்டை கட்டிவிட்டுச் சாப்பிடப் போனோம், தட்டுகளைக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு. திரும்பி வந்து பார்த்தால் என் பட்டர் (வெண்ணெய் அல்ல, கூடைக்குப் பக்கத்தில் இருந்து எறியும் மெதுவான தட்டு) அப்பளம் போல நெளிந்து கிடந்தது. மலிவான மென்மையான பிளாஸ்டிக்குக்கு அந்தச் சூடு தாங்காது. அன்று ராத்திரி விடுதிக் குளியல் தொட்டியில் வெந்நீரில் ஊறவைத்து, சமதரையில் கவிழ்த்து, மேலே பெட்டியை வைத்து ஓரளவு நிமிர்த்தினேன்.

அதற்குப் பிறகு களம் தேடுகிற வரிசையையே மாற்றிவிட்டேன். முதலில் மணியைப் பார்க்கிறேன், அப்புறம்தான் களத்தை. அரிசோனாவில் பெரும்பகுதி கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுவதில்லை, அதனால் மே மாதம் காலை ஐந்தரைக்கெல்லாம் விடிந்துவிடுகிறது. ஐந்தரைக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் பதினெட்டும் முடியும். ஆகவே தங்கும் இடத்தில் இருந்து கால் மணி நேரத்தில் போகக்கூடிய மூன்று நட்சத்திரக் களம், ஒரு மணி நேரம் ஓட்டிப்போக வேண்டிய ஐந்து நட்சத்திரத்தை விட எனக்கு மேல். இதுவும் மே மாதக் கணக்குதான். 2023 கோடையில் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெப்பம் 110 பாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை, அதாவது 43 டிகிரி செல்சியசுக்கும் மேல். அந்த மாதிரி ஜூலையில் எந்த மணியும் நல்ல மணி இல்லை. ஜூன் நடுவில் இருந்து செப்டம்பர் வரை அங்கே மழைக்காலம் வேறு, காய்ந்து கிடக்கும் ஓடைகளில் திடீர் வெள்ளம் வரும்.

அடுத்து தரை. தட்டு விழப்போவது புல்லிலா, கல்லிலா? கல் தரையில் விழுந்த தட்டு நிற்காமல் எகிறும், சில நேரம் விளிம்பில் நின்று சக்கரம் மாதிரி உருண்டு சரிவில் இறங்கும், எப்படியானாலும் விளிம்பு கீறிக்கொண்டுதான் வரும். புதுத் தட்டை அங்கே எடுக்காதீர்கள். நிறத்தையும் யோசியுங்கள். நான் ஒரு மஞ்சள் தட்டைத் தொலைத்தது புதரில் இல்லை, பாலோ வெர்டே மரத்தடியில். அந்த மரம் வசந்தத்தில் மஞ்சளாகப் பூத்துக் கொட்டும், கீழே தரை முழுக்க மஞ்சள் கம்பளம். இருபது நிமிடம் தேடினோம். அடர் இளஞ்சிவப்பு கொண்டுபோங்கள், பாலைவனத்தில் அந்த நிறத்துக்குப் போட்டி குறைவு. புதருக்கு அடியில் போனால் கையை விடாமல் குச்சியால் இழுங்கள், அந்த நிழலில் கிலுகிலுப்பை விரியன் படுத்திருக்கலாம்.

பயணத்தில் முதல் தடவை அந்தப் பக்கம் போகிறவர் என்றால் புல் தரைப் பூங்காக்களையே நான் சொல்வேன். ஸ்காட்ஸ்டேலில் விஸ்டா டெல் காமினோ பூங்கா. வெள்ளநீர் போவதற்குக் கான்கிரீட் கால்வாய் வெட்டாமல், அந்தத் தாழ்வான நிலத்தையே 18 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூங்காவும் குளமுமாக விட்டுவைத்திருக்கிறார்கள், களம் அதற்குள் வருகிறது. பச்சைப் புல், வாத்து, நடைப்பயிற்சிக் கூட்டம். பாலைவனத்துக்கு வந்துவிட்டுத் தண்ணீரில் தட்டைத் தொலைப்பதில் ஒரு தனி எரிச்சல் இருக்கிறது, அதையும் அனுபவித்தாயிற்று.

எனக்கு மிகவும் பிடித்தது பவுண்டன் ஹில்ஸ். நடுவில் ஏரி, அதைச் சுற்றிக் கூடைகள். ஏரியில் 1970இல் அமைத்த நீரூற்று, எல்லாப் பம்பும் ஓடினால் 560 அடி வரை எழும்பக்கூடியது. ஊரை உருவாக்கிய ராபர்ட் மெக்கல்லக், பழைய லண்டன் பாலத்தையே விலைக்கு வாங்கி இதே அரிசோனாவின் லேக் ஹவாசுவில் கொண்டுவந்து நிறுத்தியவர், அவருக்கு இதெல்லாம் சின்ன விஷயம் போலிருக்கிறது. காலை ஒன்பதில் இருந்து மணிக்கொரு முறை கால் மணி நேரம் விடுவார்கள். நாங்கள் கடைசிக் கூடைகளில் இருந்தபோது கிளம்பியது. தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் காற்று, இதைவிடப் பெரிய காற்றுத் திசைகாட்டி எனக்குக் கிடைக்காது. ஒரு எச்சரிக்கை, ஏரியில் இருப்பது சுத்திகரித்த கழிவுநீர். தட்டு விழுந்தால் விழுந்ததுதான், இறங்க வேண்டாம்.

வேகஸில் ஒரு மாலை மட்டும் சன்செட் பூங்காவில் ஆடினோம். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் விமானத்தில் இருந்து இறங்கிய கையோடு ஆட வசதி, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வேகஸில் இருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போகும் சாலையில் பிரிம் என்று ஒரு சிற்றூர், அதன் பக்கத்தில் காய்ந்த ஏரிப் படுகை. 2016இல் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் அங்கேதான் பின்காற்றில் 338 மீட்டர் எறிந்து உலக சாதனை செய்தார். என் வாழ்நாள் சாதனை அதில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை.

கடைசி இரண்டு நாள் வெயிலுக்குப் பயந்து பிளாக்ஸ்டாஃப் ஓடினோம். பீனிக்ஸில் இருந்து வடக்கே இரண்டேகால் மணி நேரம், 7,000 அடி உயரம். சவாரோ நின்ற இடத்தில் பைன் மரங்கள், மத்தியானத்திலேயே ஸ்வெட்டர். தார்ப் பூங்காவில் முதல் எறியில் என் ராசியான டிரைவரை (ஆள் அல்ல, தூரத்துக்கு எறியும் வேகமான தட்டு) எடுத்தேன், பாதி தூரத்திலேயே இடப்பக்கம் முறித்துக்கொண்டு விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. அந்த உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, தட்டைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாத மாதிரி சீக்கிரமே இடது பக்கம் சரிகிறது (வலது கையால் பின்கையாக, அதாவது பேக்ஹேண்டில் எறிகிறவர்களுக்கு). லேசான, வலப்பக்கம் திரும்பும் குணமுள்ள தட்டுகள் அங்கே நேராகப் போகின்றன. என்னிடம் இருந்த அந்த ரகம் ஒன்றே ஒன்று, மஞ்சள் நிறத்தில் இருந்தது, அதற்குள் அது பாலோ வெர்டே பூவுக்கு அடியில் போயாகிவிட்டது.

ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்த மனைவி சீப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, முள்ளு?" என்றாள்.