எல்லைப்புற வகுப்பறையும் டி.கே.டி. தேர்வும்

ஆங்கிலம் கற்பிப்பவர்களின் கற்பித்தல் அறிவைச் சோதிக்க கேம்பிரிட்ஜ் நடத்தும் 'டீச்சிங் நாலெட்ஜ் டெஸ்ட்' என்னும் டி.கே.டி. தேர்வை எழுத எண்ணும் தமிழ் ஆசிரியர்களுக்காக, குறிப்பாகத் தமிழக எல்லையை ஒட்டிய, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் தொடக்க நிலையினருக்கு ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேர்வின் அமைப்பு எளிது. முதன்மையான பகுதிகள் மூன்று. ஒவ்வொன்றிலும் 80 கொள்குறி வினாக்கள், 80 நிமிடங்கள். முதல் பகுதி மொழியையும் மொழி கற்றலின் பின்னணியையும், இரண்டாவது பாடத் திட்டமிடலையும், மூன்றாவது வகுப்பை நடத்தும் முறையையும் பற்றியது. இவற்றை விரும்பிய வரிசையில், தனித்தனியாகவே எழுதலாம். தேர்ச்சி, தோல்வி என்ற பேச்சு இல்லை. 1 முதல் 4 வரையிலான நிலைகளில் ஒன்றாக முடிவு வரும். பாடம் நடத்திக் காட்டவும் வேண்டியதில்லை. அப்படிப்பட்ட பயிற்சியை நாடுபவர்களுக்கு கேம்பிரிட்ஜின் 'செல்டா' என்னும் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறது. அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு முன்னால் பாடம் நடத்த வேண்டும், செலவும் மிக அதிகம்.

தேர்வுக்குரிய கலைச்சொற்களின் தொகுப்பை கேம்பிரிட்ஜே இலவசமாக வெளியிட்டிருக்கிறது. பலர் அதை அகர வரிசையில் உருப்போடுகிறார்கள். அது வீண் உழைப்பு என்பது என் கருத்து. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, நம் வகுப்பில் ஒரு மாணவர் சொன்ன வாக்கியத்தையோ செய்த பிழையையோ எழுதிவைத்துப் படித்தால், வினாவை எப்படிச் சுற்றிவளைத்துக் கேட்டாலும் விடை பிடிபடும். எல்லைப்புறத்தில் இருக்கும் நமக்கு இத்தகைய எடுத்துக்காட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை.

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கத்து மாணவர்களுக்கு வீட்டில் தமிழ், அரசு அலுவலகங்களில் மலையாளம். ஆங்கிலம் மூன்றாவதாகத்தான் வந்து சேர்கிறது. தாய்மொழியின் குறுக்கீடு என்பது முதல் பகுதியில் வரும் கருத்துகளில் ஒன்று. அதைப் படிக்கும்போது குறுக்கீட்டை மட்டும் பார்க்காமல், அறிந்த மொழி எங்கே கைகொடுக்கும் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். "அவன் என் தம்பி" என்று தமிழில் வினைச்சொல் இல்லாமலேயே வாக்கியம் நிறைவடைந்துவிடுகிறது. ஆகவே "ஹீ மை பிரதர்" என்று சொல்வது நம் மாணவர்களுக்கு இயல்பாக வருகிறது. மலையாளத்தில் "அவன் என்றெ அனியன் ஆணு" என்று கடைசியில் ஓர் 'ஆணு' வந்து நிற்கிறது. அந்த 'ஆணு' செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'இஸ்' செய்கிறது, ஆனால் அது வாக்கியத்தின் நடுவே வரும் என்று கரும்பலகையில் மூன்று வாக்கியங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினால், விளக்கமே தேவைப்படுவதில்லை. 'ஹீ கம்ஸ்' என்பதன் கடைசி 'ஸ்' வேறு கதை. மலையாளத்தில் அவனும் அவளும் அவர்களும் 'வருன்னு'தான். ஆளுக்கேற்ப விகுதி மாறாது. அங்கே தமிழைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். வருகிறேன், வருகிறான், வருகிறாள் என்று மாற்றிப் பழகிய நாவுக்கு, ஆங்கிலம் அந்த மாற்றத்தை ஒரே இடத்தில் மட்டும் வைத்திருக்கிறது என்று சொன்னால் அது சலுகையாகவே தோன்றும்.

ஒலிகளிலும் இதே வழி உதவும். பன்றிக்கான ஆங்கிலச் சொல்லையும் 'பெரிய' என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பிக்' ஆகிவிடுகின்றன. ஓர் ஒலியால் மட்டும் வேறுபடும் இத்தகைய சொல்லிணைகளை 'மினிமல் பேர்' என்பார்கள். தமிழில் ஒரே பகரம் இருக்கும் இடத்தில் மலையாளத்தில் நான்கு எழுத்துகள் இருப்பதால், மலையாளம் எழுதத் தெரிந்த மாணவரிடம் "எந்த எழுத்து?" என்று கேட்டாலே போதும். விலங்குக்காட்சி சாலையைக் குறிக்கும் 'ஸூ' என்ற சொல்லின் முதல் ஒலிக்கு இரண்டு மொழிகளிலும் எழுத்து இல்லை. தொண்டையில் விரலை வைத்து அதிர்வை உணரச் செய்வதுதான் வழி.

மாணவர்கள் ஆசிரியரை 'யூ' என்று அழைக்கத் தயங்குவதையும் கவனித்திருப்பீர்கள். நீங்களும் நீயும் ஒரே சொல்லாகிவிடுவது அவர்களுக்கு மரியாதைக் குறைவாகப் படுகிறது, அதனால் "டீச்சர் வேர் கோயிங்?" என்று கேட்கிறார்கள். இது இலக்கண அறியாமையால் வரும் பிழை அன்று. அதைத் திருத்தும் முன்னர் அந்தத் தயக்கத்தை ஒருமுறை வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

இரண்டாவது பகுதியில், மாணவரின் நிலையறிந்து திட்டமிடுவதுதான் மையம். மொழித்திறனை அளக்க ஐரோப்பிய மன்றம் வகுத்த பொது வரையறையில், தொடக்க நிலையான ஏ1 முதல் உச்ச நிலையான சி2 வரை ஆறு நிலைகள் உள்ளன. அந்த வரையறைக்கு 2020ஆம் ஆண்டில் வந்த துணைத் தொகுதியில் ஏ1-க்கும் கீழான ஒரு நிலையும் விவரிக்கப்பட்டிருக்கிறது. நம்மிடம் வருபவர்களில் பெரும்பாலோர் பள்ளியில் பல ஆண்டுகள் ஆங்கிலம் படித்தும் பேச வாய் திறக்காதவர்கள். வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு வேலைக்குப் போகும் ஓர் இளைஞருக்கு எழுத்துகளும் சில நூறு சொற்களும் தெரிந்திருக்கும். அவரை அரிச்சுவடியில் தொடங்கவைத்தால் மறுவாரமே நின்றுவிடுவார். எதுவுமே அறியாதவரையும் இவரையும் தேர்வு வேறுபடுத்தித்தான் பார்க்கிறது.

மூன்றாவது பகுதிக்கு, உங்கள் வகுப்பு ஒன்றைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து கேட்பதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை. "புரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் "புரிந்தது" என்றே சொல்லும். "எத்தனை வாக்கியங்கள் எழுத வேண்டும்? தனியாகவா, இருவராகவா?" என்று கேட்டால்தான் கட்டளை போய்ச் சேர்ந்ததா என்பது தெரியும். பிழையை எப்போது உடனே திருத்துவது, எப்போது குறித்துவைத்துப் பிறகு பேசுவது என்பதும் பதிவைக் கேட்கும்போது தெளிவாகும்.

தேர்வில் பொருத்துக வகை வினாக்கள் நிறைய வரும். சிலவற்றில் ஒரு விடை மிகுதியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் ஒரே விடை இருமுறை வரலாம். ஆகவே ஒவ்வொரு தொகுதிக்கும் மேலுள்ள குறிப்பைப் படித்துவிட்டே தொடங்குங்கள். உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் பொருத்தி, எஞ்சியவற்றை விலக்கல் முறையில் முடிக்கலாம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை. எந்த வினாவையும் விடையளிக்காமல் விட வேண்டாம்.