கதவுக்காக வெட்டிய ஓவியம்

ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் மியூசியத்தில் டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்தின் முன்னால் கூட்டம். எல்லோரும் நடுவில் நிற்கும் தளபதியைப் படமெடுக்கிறார்கள். எனக்குக் கண் இடது ஓரத்திலேயே நின்றுவிட்டது.

அங்கே ஒரு துண்டு இல்லை.

1642இல் வரைந்த படம். 1715இல் நகர மண்டபத்துக்குக் கொண்டுபோனபோது இரண்டு கதவுகளுக்கு நடுவே அடங்கவில்லையாம். சரி என்று நான்கு பக்கமும் வெட்டிவிட்டார்கள்!

இடப்பக்கம் நின்றவர்கள் துண்டோடு போய்விட்டார்கள். அதற்கு முன்பே ஒருவர் வரைந்துவைத்த சிறிய நகல் இருப்பதால்தான், அங்கே ஆட்கள் நின்றதே நமக்குத் தெரிகிறது.

இத்தனைக்கும் இது ராஜா வரையச் சொன்ன படம் இல்லை. ஊர்க்காவல் படையில் இருந்த வசதியான நகரவாசிகள் சொந்தக் காசைப் போட்டு வரையவைத்தது. பக்கத்திலேயே இன்னொரு டச்சு ஓவியர் வெர்மீரின் படத்தில் ஒரு பணிப்பெண் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அரண்மனைப் படங்களை விட இந்த ஊருக்குத் தன் முகத்தைப் பார்ப்பதில்தான் ஆசை அதிகம் போல.

காசு கொடுத்தும் கதவிடம் தோற்றுப்போனவர்கள், பாவம்.